முட்டுக்கட்டைகளுக்கு அடியில்

9-1-83, ஞாயிறு
கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் கொடுக்கிற சென்ட்ரிங் வேலை, நாலாவது வாரம். நான் சித்தாள். அண்ணன் அர்ஜுனன் முட்டுக்கட்டை ஆள். லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கம்பியில் தொங்கப்போகிற பாலம். கம்பியை இழுத்துக் கட்டும்வரை மொத்த கான்கிரீட்டையும் ஏரிச் சேற்றில் ஊன்றிய சவுக்குக் கட்டைகள்தான் தாங்க வேண்டும். பூகம்பம் வந்தாலும் நிற்குமாம். இன்ஜினியர் சார் கணக்குப் போட்டுவிட்டார். நிலம் ஆடும் என்று பயப்படுகிறார் மனிதர். இங்கே நிலம் எங்கே இருக்கிறது, ஆடுவதற்கு?

10-1, திங்கள்
மழைத்தண்ணீரில் ஏரி தளும்புகிறது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. புதன்கிழமை ஊர்கூடி வெட்டிவிடப் போகிறோம். ஊர்ப் பெரியவர் சடையன் மாமா என்னைக் கூப்பிட்டு, "வெட்னா தண்ணி முட்டுக்கு அடியில சேத்த இழுக்கும். இஞ்சினீரு கைல சொல்லிடு"ன்னார்.

போனேன். சார் நோட்டில் மூழ்கியிருந்தார். "பூகம்பம் சார்"னு மேஜையைப் பிடித்து ஆட்டினேன். மேஜைக்கு அடியில் போய்விட்டார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் என்னை வெளியே துரத்தினார். சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

11-1, செவ்வாய்
சார் மெட்ராஸ் போய்விட்டார். அண்ணன் கேட்டான், "இன்னா, சொன்னியா?" சொன்னேன்னேன். "கணக்குல சேத்துக்கினாரா?" "ம்." காலையில் சார் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

12-1, புதன்


சார் வருவதற்குள் கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முகத்துவாரத்தை வெட்டியதும் ஏரி கடலைப் பார்த்து ஓடியது. முட்டுகளுக்கு அடியிலிருந்து சேறு கரைந்து கலங்கலாகப் போனது. அண்ணன் கீழே ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான். கத்தினேன். மிக்சர் சத்தத்தில் கேட்கவில்லை. பலகை என் காலடியில் சாய்ந்தது—

சொன்னேன்னு சொன்னேனே. அதை நம்பித்தானே இறங்கினான்.

13-1
பொன்னேரி ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு உயிர் இருக்கிறது. வலது கால்... தெரியவில்லை.

16-1, ஞாயிறு
கட்டை மட்ட ரகமாம். முட்டு வேலைக்குப் பொறுப்பான மாசிலாமணி மேஸ்திரியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கோணிப்பையில் சுத்தியலோடு பஸ்ஸுக்கு நின்றார். "இருவது வருசமா முட்டு குடுக்கறேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல பாப்பா"ன்னார்.

பஸ் வந்தது. பையைப் பிடித்துக்கொண்டேன். சாரிடம் நான் சொல்லவே இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அடித்திருக்கலாம்.

சாரிடம் போனோம். "இதுவும் விளையாட்டா?" என்றார். சடையன் மாமாவை அழைத்துவந்து சொல்லவைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரியை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்.

20-4, புதன்
என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தண்ணீருக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறார்கள். அடி, அங்குலம் கோடு போட்ட மூங்கிலைப் பார்த்து நான் சொன்ன பிறகுதான் கீழே ஆள் இறங்க வேண்டும். அண்ணன் கரையில் உட்கார்ந்திருந்தான், ஊன்றுகோல் மடியில்.

"மூணடி ரெண்டு அங்குலம். நேத்து இருந்ததுதான்."

மேஸ்திரி என் முகத்தையே பார்த்தார். "சிரிக்காம சொல்லு."

"சிரிக்கல மேஸ்திரி."

சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் மேலே வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.