ஒரு சுழி

சேசு மரி சூசை துணை
பெங்களூர், 3-8-1956

அன்புள்ள சலேத்துக்கு,

உன் இன்னாசி எழுதுவது. காசநோய் ஆஸ்பத்திரியில் சோறு தாராளம், ருசிதான் இல்லை. பண்ணையில் என் செவலைப் பசுவை யார் கறக்கிறார்கள்? சாயங்காலமானால் காய்ச்சல் ஏறுகிறது. நேற்று இருமலில் ரத்தம் வந்தது. ஜெபமாலையைப் பிடிக்கவும் தெம்பில்லை. பக்கத்துக் கட்டில் ஆஞ்சப்பன் கன்னடக்காரர், நம் வேதமும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தேவரு ஜொதெ இத்தாரெ” என்றார். கடவுள் கூட இருக்கிறார் என்று அர்த்தம். மனசு அடங்கிவிட்டது. இப்போது தினமும் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொள்கிறோம்.

எட்டு மாத வயிற்றோடு பஸ் ஏறி வந்துவிடாதே.

இன்னாசி

மத்திகிரி, 10-8-1956

பிரியமுள்ள மாமாவுக்கு,

ரத்தம் வந்ததை நாலு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். படிக்கிறவள் பாடு தெரியுமா? செவலை நம் பக்கத்து வீட்டுப் பண்ணைக் கிளார்க்கு முனிராஜை உதைத்துவிட்டது. “கிளார்க்கு நோட்டுல எழுதாம மாட்டு மடியில என்ன தேடுனே?” என்று அவன் பெண்டாட்டி சரோஜம்மாள் ஊர் கேட்க ஏசினாள். சிரித்தேன். உடனே உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

நீங்கள் வந்துதான் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும். நானாக வைக்கமாட்டேன்.

சலேத்தம்மாள்

மத்திகிரி, 22-8-1956

மாமா,

ஆஞ்சப்பன் அண்ணன் கார்டு வந்தது. கன்னடம். முனிராஜிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். “என்னப்பா, எழுத்துக் கூட்டுறியா?” என்றேன். “தேவரு ஜொதெ இத்தாரென்னு போட்டிருக்குதுக்கா” என்றான். உங்கள் வார்த்தையாச்சே! கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். வலி எடுத்தால் நானும் அதையே சொல்லப்போகிறேன்.

ஆனால் நீங்களே ஒரு வரி எழுதக் கூடாதா? கை அவ்வளவு நோகிறதா?

சலேத்தம்மாள்

மத்திகிரி, 23-9-1956

மாமா,

இந்தக் கடிதத்துக்கு விலாசம் இல்லை.

ஆண் பிள்ளை. இரண்டு நாள் வலி. அந்தக் கன்னட வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் பெற்றேன். யாரோ கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது போலிருந்தது.

போன வாரம் முனிராஜ் வாசலிலேயே நின்று அழுதான். “அக்கா, கார்டுல ‘தேவரு’ இல்லக்கா, ‘தேவர’. நான்தான் மாத்திப் படிச்சேன். நிறை வயித்தோட இருந்த உன்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?”

தேவர ஜொதெ இத்தாரெ. கடவுளோடு இருக்கிறார். கன்னட எழுத்தில் ‘ர’வுக்கும் ‘ரு’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம்.

பண்ணைக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் மறைத்திருக்கிறான். உங்களை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். ஒரு பிடி மண் போட விடாமல் செய்தாயே பாவி என்று வாய்க்கு வந்தபடி வைதேன். இன்னும் அவன் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை.

இன்று ஞானஸ்நானம். இன்னாசி என்றே பேர் கொடுத்தேன். புருஷன் பேரை எந்த வாயால் கூப்பிடுவது? ‘சின்னவரே’ என்கிறேன், திரும்பிப் பார்க்கிறார்.

அவன் மாற்றிப் படித்தது பொய்தான். அந்த இரண்டு நாள் என் கையைப் பிடித்திருந்தது பொய் இல்லை, மாமா.

சுழி எப்படிப் போடுவது என்று சரோஜம்மாளை விட்டு முனிராஜிடம் கேட்டுவரச் சொன்னேன். அந்தக் கார்டில் நானே போட்டுவிட்டேன். நாளைக்கு உறையில் வைத்து ஆஞ்சப்பன் அண்ணனுக்கே திருப்பி அனுப்புகிறேன். பக்கத்துக் கட்டில் காலி. சாயங்காலமானால் அவருக்கும் காய்ச்சல் ஏறும்.

உங்கள் சலேத்து