முதல் படகுக்கு முன்னால்

அன்புள்ள அத்தைக்கு,

மருமகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் மகள் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று கேள்விப்பட்டேன். ஏறி இறங்கி வீரம் காட்ட வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அந்தக் கதையை அவளே நாலு பக்கம் எழுதுவாள்.

உங்கள் பிள்ளை உங்களோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. மாமாவுக்குப் பிறகு படகுத்துறையை யார் நடத்துவது என்ற பேச்சு வந்தபோது, "அந்த வீட்டுப் பிள்ளைங்கறது மட்டும் போதாது, இவனுக்கு இறங்கி வரத் தெரியாது" என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். அன்று எனக்கும் உங்கள் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் இப்போது நடந்ததை நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை ஆற்றில் ஒரே மூடுபனி. முதல் படகை ஓட்டும் மீசைக்காரர் இன்ஜினைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். உங்கள் பிள்ளைக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே. நாலு தலைமுறையாக இந்தப் படகு நேரம் தவறியதில்லை, நான் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா என்று பயணிகள் முன்னால் கத்தியிருக்கிறார். "தெரியுங்க, அதனாலதான் பொறுமையா சொல்றேன்" என்றாராம் மீசைக்காரர். அந்த இடத்திலேயே உங்கள் பிள்ளை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அரை மணி நேரத்தில் பனி விலகியது. ஆற்றில் ஒரு மரக்கட்டைகூட இல்லை. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் ஜம்பம் வேறு.

மறுநாள் காலைப் பிரார்த்தனைக்கு நானும் போயிருந்தேன். உங்களுக்குத் தெரியாததா? துறையை நடத்துகிறவர் மேல்படியில் நின்று, அன்று படகில் போகிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைக்க வேண்டும், அதுதானே கொள்ளுத்தாத்தா போட்ட வழக்கம். குமாஸ்தா பட்டியலில் மீசைக்காரர் பெயரை அடித்துத்தான் கொடுத்திருந்தார். உங்கள் பிள்ளையின் வாயில் பழக்கத்தில் அந்தப் பெயர்தான் முதலில் வந்தது. பட்டியலைக் குமாஸ்தா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமா போன அன்று பார்த்த முகம் அத்தை.

"நூறு பேரைக் காப்பாத்துன்னு கடவுள்கிட்ட கேக்கறேன், காப்பாத்த நின்னவரை நானே துரத்திட்டேனே" என்று என்னிடம் சொன்னார். ஆற்றில் ஏதாவது கிடந்து, தான் செய்தது தப்பு என்று ஆகியிருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம். ஒன்றுமே இல்லாதபோதும் கேட்கக் கிளம்பினார் பாருங்கள், அதில்தான் எனக்குப் பெருமை.

மீசைக்காரர் வீடு நாலாவது மாடி. கதவைத் திறந்த அவர் மனைவி, "இப்பதான் தரை துடைச்சேன், காஞ்சதும் வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். பெரிய வீட்டு வாரிசு கால்மணி நேரம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய் மன்னிப்புக் கேட்டதும், "எல்லார் முன்னாடியும் திட்டிட்டு, தனியா வந்து கேட்டா எப்படிங்க?" என்று கேட்டாராம் மீசைக்காரர். நியாயம்தானே.

வெள்ளிக்கிழமை காலை உங்கள் பிள்ளை மேல்படியில் நிற்கவில்லை. கீழே மீசைக்காரர் முன்னால் வந்து, பயணிகள் மூட்டை முடிச்சோடு பார்த்துக்கொண்டிருக்க, தப்பு என்னுடையது என்று சொன்னார். பனி நாளில் படகை எடுப்பதா வேண்டாமா என்பது இனி ஓட்டுபவர் முடிவு, நான் தலையிடமாட்டேன் என்றும் சொன்னார். மீசைக்காரர் மீசையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினார். நான் அழுதேவிட்டேன். நீங்கள் அங்கே இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது என்று எழுதத்தான் நினைத்தேன். உங்களிடம் பொய் வரவில்லை. அம்மாவுக்கு எழுதப் போகிறேன் என்றதும், உறையை வாங்கி முகவரியை எழுதிக் கொடுத்தார். கை ஓடாமல் இரண்டு உறை வீணானது. உறையைக் கிழித்து எங்காவது போட்டிருந்தால் எடுத்து ஒருமுறை பாருங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம் அத்தை. அவர் பெயருக்கு எழுதுங்கள்.

உங்கள் ஆசியை எதிர்பார்த்து,
எங்கள் இருவர் சார்பிலும்,
உங்கள் மருமகள்