ஒரு அடி அடித்தால் நிற்க வேண்டும்

சம்பந்தி,

இன்று காலை பக்கத்து நிலத்து மாடு ஒன்று வேலி தாண்டி வந்து, நீங்கள் புங்க மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் கொம்பால் முட்டியது. டங் என்று ஒரே ஒரு அடி. நான் வாசலில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் கொட்டகைக்குள் நின்றிருந்தது. ஆனாலும் என் இடது கால் தரையை ஓங்கி மிதித்தது. காபி முழுவதும் வேட்டியில். கிளட்ச் இல்லாத இடத்தில் கிளட்ச் மிதித்த கிழவனை மாடு நிதானமாகப் பார்த்துவிட்டு மேயப் போனது.

உங்கள் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா, பெல் கேட்டுச்சா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவளை என் மகனுக்குக் கட்டிக்கொடுத்த நாள் முதல் நீங்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? பெண்ணைக் கொடுத்தவர் என்ற பணிவு உங்களுக்கு முற்றிப்போயிருந்தது. மாரிகுப்பத்திலிருந்து பஸ் பிடித்து பூதிகோட்டைப் பக்கம் எங்கள் நிலத்துக்கு வரும்போதெல்லாம் கையில் பழப்பை. நான் உட்காராமல் உட்கார மாட்டீர்கள். பெண் வீட்டாரை நிற்க வைத்துவிட்டு உட்காரக் கூடாதென்று நானும் நிற்பேன். ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு இரண்டு பக்கமும் அரை மணி நேரம் நின்றே பேசினோம். கடைசியில் அதில் பூனை உட்கார்ந்தது.

நீங்கள் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற குழியின் வாயில் நின்று, ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்தவர். உங்கள் மணி கேட்காமல் ஆள் இறங்க முடியாது, கல் ஏற முடியாது. நான் தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஃபைல் கட்டிவிட்டு வந்தவன். ஓய்வு பெற்றதும் இந்த நிலத்தில் வீடு கட்டி, ஒரு சின்ன டிராக்டரும் வாங்கினேன். வாங்கிய ஆறே மாதத்தில் டிராக்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன். எல்லாம் தெரிந்தவனிடம் யார் வாயைக் கொடுப்பது? அதுவும் மாப்பிள்ளையின் அப்பாவிடம்?

அந்த வருஷம் காற்றில் சாய்ந்த நீலகிரி மரங்களை அறுத்துக் கட்டைகளாகப் போட்டிருந்தேன். அவை கிடந்ததோ, நம் பேத்தியின் காதுகுத்துக்குப் பந்தல் போட வேண்டிய இடத்தில். ஆள் வைத்து அப்புறப்படுத்தலாம் என்று மகன் சொன்னான். வீட்டில் டிராக்டர் நிற்கும்போது ஆள் எதற்கு என்று நான் வீறாப்பாகச் சொன்னேன். ஒத்தாசைக்கு நீங்கள் வந்தீர்கள், இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு.

கட்டையைத் தாழ்வாகக் கட்டி இழுத்தால் அதன் மூக்கு மண்ணில் குத்திக்கொண்டது. அதனால் சங்கிலியை மேலே, இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் டாப் லிங்க் கொக்கியில் மாட்டினேன். மூக்கு தூக்கிக்கொண்டு வரும் அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நீங்கள் சங்கிலியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், தொண்டையைச் செருமினீர்கள்.

"எங்க ஷாஃப்டுல ஒருத்தர் இருந்தாரு சம்பந்தி. இழுக்கிற கயித்த இப்டித்தான் ஒசரமா மாட்டுவாரு. நல்ல மனுசன்."

"இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

"இல்லீங்க."

"அடடா" என்று சொல்லிவிட்டு சங்கிலியை இழுத்து இறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, இழுக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னீர்கள். அவரும் இல்லை. அப்புறம், அவசரப்பட்ட ஒருவர். அவரும் போய்ச் சேர்ந்திருந்தார். டீ நேரத்துக்குள் மூன்று பேரைக் கொன்றுவிட்டீர்கள். இவர் இன்றைக்கு ஏன் இப்படி இழவுச் செய்தியாகவே பேசுகிறார் என்றுதான் நினைத்தேனே தவிர, அந்த மூன்று பேரும் நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை.

வண்டியில் ஏறி முதல் கியர் போட்டேன். கட்டை நகர்ந்தது. பத்தடி போனதும் புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு பழைய அடிமரத்தில் அதன் மூக்கு மாட்டிக்கொண்டது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், முன் சக்கரங்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின என்பதுதான். வண்டிக்கு இவ்வளவு தெம்பா என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அப்போது பக்கவாட்டிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"சம்பந்தி... தப்பா நெனச்சிக்காதீங்க... உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல... இருந்தாலும் ஒரு சின்ன விசயம்..."

நீங்கள் 'தப்பா' என்றபோது சக்கரம் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. 'சின்ன விசயம்' வரும்போது முழங்கால் உயரம். எனக்கு எதிரே நிலம் போய் வானம் வந்துவிட்டது. அந்த நொடியில்தான் நீங்கள் கத்தினீர்கள்.

"மிதிடா கிளட்ச்ச, மடையா!"

நான் யோசிப்பதற்குள் என் கால் மிதித்துவிட்டது. முன் சக்கரங்கள் தொம்மென்று தரையில் விழுந்தன. என் மூக்குக் கண்ணாடி எங்கோ பறந்தது. மோர் எடுத்துக்கொண்டு வந்த உங்கள் மகள் சொம்போடு அப்படியே நின்றாள். வாசலில் என் மனைவி. யாரும் மூச்சு விடவில்லை. நான் சாகவிருந்ததற்காக அல்ல, நீங்கள் 'டா' போட்டதற்காக.

உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. "வாய் தவறிடுச்சிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல்கூட பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. என் நிலத்தில், என் மருமகள் எதிரில் என்னை மடையன் என்றுவிட்டாரே என்று பொருமினேன். மூன்றாம் நாள் வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம், உங்கள் வசவை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒசரத்துல மாட்டி இழுத்தா வண்டி பின்பக்கமா மல்லாந்துக்கும் சார். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள உங்க மேல வந்து உக்காந்திருக்கும். யாரு சார் நிறுத்துனது?" என்றார்.

அன்று சாயங்காலம்தான் உங்கள் மகளின் கண்கள் வீங்கியிருந்ததைக் கவனித்தேன். "உன் வாழ்க்கைய நானே கெடுத்துட்டேம்மா, அந்த வீட்ல இனிமே உன்ன எப்டிப் பாப்பாங்க" என்று நீங்கள் போனில் அழுதீர்களாம். காதுகுத்துக்கும் வர மாட்டேன் என்றீர்களாம். என் உயிரைக் காப்பாற்றிவிட்டு, மகளைத் தொலைத்துவிட்டதாக ஒரு மனிதர் மாரிகுப்பத்தில் உட்கார்ந்து அழுகிறார். அன்றைக்கு நான் வெட்கப்பட்டதுபோல் என்றும் வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் நானே பழப்பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் சுரங்க லைன் வீட்டுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் உள்ளே ஓடிச் சட்டையை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள், இல்லை நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் என்று நான். சம்பந்தியம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் முடிச்சீங்கன்னா டீ குடிக்கலாம், ஆறிக்கினு இருக்குது" என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே கேட்டேன். "இன்னொரு தடவை அப்படி ஆனா அதையே சொல்லுங்க, சம்பந்தி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"இன்னொரு வாட்டி வாய் வராதுங்க" என்றீர்கள். டம்ளரைக் கீழே வைத்தீர்கள். பிறகு உங்கள் முகம் தெளிந்தது. "பெல் வச்சிக்கலாம். பெல்லுக்கு மரியாத தெரியாது. மேனேஜரே கேஜுல இருந்தாலும் ஒரு அடி அடிச்சா நிக்கணும்."

பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டோடும் பெரிய போல்ட்டோடும் அடுத்த வாரம் வந்தீர்கள். ஒரு அடி என்றால் நில். இரண்டு அடி என்றால் மெதுவாக முன்னே போ. மூன்று அடித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கு, டீ வந்துவிட்டது. கையில் போல்ட் வந்ததும் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். சங்கிலி தாழ்வான கொக்கியில் இல்லையா, டங். கட்டையின் மூக்கைக் கோடாரியால் சரிவாகச் செதுக்கவில்லையா, டங். சரிவில் குறுக்கே திருப்பினேனா, டங். சங்கிலி அறுந்தால் எட்டும் தூரத்துக்குள் என் மகன் கால் வைத்தால் அவனுக்கும் ஒரு டங். மாப்பிள்ளை என்று பார்க்கவில்லை. மரத்தடியில் இருக்கும்வரை நீங்கள் எங்களுக்கு எஜமான். போல்ட்டைக் கீழே வைத்த மறுநொடி, "உக்காருங்க சம்பந்தி" என்று நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

பந்தல் நேரத்துக்கு ஏறியது. காது குத்தும்போது பேத்தி வீரிட்டாள். ஆசாரியைப் பார்த்து உங்கள் கை தன்னையறியாமல் போல்ட்டைத் தேடியதை நான் கவனித்தேன்.

போன வருஷம் உங்களைப் பாடையில் வைத்தபோது நான்கு பேர் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள். இரண்டு அடி அடிக்காமல் எப்படித் தூக்குகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

இன்று காலை மாடு போன பிறகு, வேட்டியை மாற்றிக்கொண்டு, போன மழையில் விழுந்த ஒரு கட்டையை இழுக்கப் போனேன். கையில் இருந்தது குட்டைச் சங்கிலி, தாழ்வாகக் கட்டினால் கட்டை பின் சக்கரத்தில் முட்டும்போல் இருந்தது. ஒரே கட்டைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று டாப் லிங்க்கில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஆமாம் சம்பந்தி, மறுபடியும்தான். கியரைத் தொடும்போது டங் என்றது. மாடு என்று நினைத்துத் திரும்பினேன். மரத்தடியில் உங்கள் மகள், கையில் போல்ட்டோடு நின்றிருந்தாள்.

இறங்கிப் போனேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் எதிரில் குரலை உயர்த்தாத பெண். இப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினாள்.

"அப்பா இருந்தா இன்னா சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும் மாமா. அத நான் சொல்லக் கூடாது. அதான் பெல் அடிச்சேன்."

கொட்டகைக்குப் போய் நீளச் சங்கிலியை எடுத்துவந்து தாழ்வாகக் கட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு அடி அடித்தாள். கட்டை ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இந்த வயதில் என்னை 'டா' போட்டுத் திட்ட ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. உங்கள் மகள் ஒரு அடி அடிக்கும்போது மட்டும் எனக்கு அது முழுசாகக் கேட்கிறது, மடையா உட்பட.