தொலைக்காட்சி முன் ஒரு கோப்பை தேநீர்

உவாஜிமா
1993 அக்டோபர் 12

மசுயோவுக்கு,

நீ என்னிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயத்தை உன்னைக் கேட்காமல் வானொலிக்கு எழுதிப் போட்டேன். அறிவிப்பாளர் கவாசே அதை நிகழ்ச்சியில் படித்தார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இதுதான் நடந்தது. செய்தவன் நான். வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

குளிரைப் பற்றியும் ஆரஞ்சுத் தோட்டம் பற்றியும் நாலு வரி எழுதிவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீ என் போனை எடுப்பதில்லை. போன வாரம் அனுப்பிய வறுத்த மீன் வடைப் பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டாய். வந்து சேர்ந்தபோது தபால்காரர் அதைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது என் பக்கத்தையும் கேள்.

ஆகஸ்டில், முன்னோரை வரவேற்கும் நாட்களில், நீ போனில் சொன்னாய். வீட்டுக்காரர் ஷூசாகு இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை, தினமும் ஏழு மணிச் செய்தி முடியும்போது கண்ணாடி போட்ட அந்த வாசிப்பாளர் தலை வணங்குகிறார், நானும் பதிலுக்கு வணங்குகிறேன் என்றாய். செய்திக்கு முன்னால் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறேன், அவர் பார்க்கிறார் என்று தோன்றுகிறது என்றும் சொன்னாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நீயே சிரித்ததால்தான் எழுதினேன்.

உன் பெயர் இல்லை, ஊர் இல்லை. ‘என் தங்கை’ என்று மட்டும்தான் இருந்தது. அனுப்பியவன் பெயரும் வழக்கம்போல ‘துருப்பிடித்த மணி’. இந்த மணி சைக்கிள் கடைக்காரன் டோமெகிச்சி என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானே உன்னிடம் சொல்லியிருக்காவிட்டால் உனக்கும் தெரிந்திருக்காது.

பத்தொன்பது வருடமாக சனிக்கிழமை மதிய நிகழ்ச்சிக்குத் தபால் அட்டை எழுதுகிறேன். ஒருமுறையாவது ‘என்ன எழுதினீர்கள், அண்ணா’ என்று நீ கேட்டதுண்டா?

பதில் எழுது.

அண்ணன்
டோமெகிச்சி


இமாபரி
அக்டோபர் 20

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பு சௌகரியம் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது.

அன்று சனிக்கிழமை. வேலை செய்யும் கடையில் நாங்கள் ஆறு பேர் சாப்பாட்டுப் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தோம். சோறு வேகும் பாத்திரத்துக்கு மேலே ஒரு பலகை, அதன் மேல் ரேடியோ. சோற்றின் நடுவில் உப்பில் ஊறிய பிளம் காய் வைப்பது என் வேலை. ‘துருப்பிடித்த மணி அண்ணே எழுதியிருக்காரு’ என்று கவாசே சொன்னதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கை வேலையை நிறுத்தாமல் காதை மட்டும் கொடுத்தேன்.

முழுதும் படித்து முடிப்பதற்குள் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். நகாயி அம்மா, எங்களுக்கு மேலாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இந்தப் பொம்பள, அந்த ஆளு செய்திய முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துருவாருன்னு கூடுதலா ஒரு செருப்பு வாங்கி வச்சிருக்கும் பாரு.” இன்னொருத்தி, “சாயம் சேப்பா ரோஸான்னு எழுதலியே”என்றாள்.

நானும் சிரித்தேன், அண்ணா. எல்லாரையும் விட சத்தமாக நான்தான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று பயம். அன்று என் உதட்டில் சாயம் இல்லை. ஆனாலும் கையால் வாயை மூடிக்கொண்டேன்.

அதையாவது விழுங்கியிருப்பேன். தேநீரை விழுங்க முடியவில்லை. ‘தொலைக்காட்சி முன்னால் தினமும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைக்கிறாள், ஆறிப்போனதும் “பிடிக்கலையா?” என்று கேட்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களிடம் சொன்னது அப்படியா? தேநீரை நான் ஷூசாகுவின் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். பிடிக்கலையா என்று கேட்பது அவரைத்தான். முப்பத்தாறு வருடம் கேட்ட வாய். அவர் கோப்பையை எடுத்து அந்நிய ஆளுக்கு முன்னால் வைத்தது நீங்கள்.

இப்போது கவாசே ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி முடிவில் “அத்தே, சாயம் பூசியாச்சா?”என்று கேட்கிறார். மீன் கடையில் கேட்கிறார்கள். பேருந்தில் பள்ளிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்கிறார்கள்.

டிசம்பர் 19 ஞாயிறு, ஷூசாகுவின் மூன்றாம் நினைவு நாள் வழிபாடு. நீங்கள் வர வேண்டாம். கோயிலுக்கும் சொல்லிவிட்டேன், பெட்டிச் சாப்பாடு ஒன்று குறைத்தாயிற்று.

மசுயோ


உவாஜிமா
அக்டோபர் 26

மசுயோவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது.

எரிகூடத்தில் ஷூசாகுவின் எலும்பில் ஒரே துண்டை உன்னோடு சேர்ந்து குச்சிகளால் எடுத்துக் கலயத்தில் போட்டவன் நான். உன் வீட்டில் மூத்தவன் உட்காரும் இடம் என்னுடையது. அந்த இடத்தைக் காலியாக வைத்து, வந்தவர்கள் ‘அண்ணன் எங்கே’ என்று கேட்டால் என்ன சொல்வாய்? ஒரு வானொலி அட்டைக்காக ரத்த உறவைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

தேநீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அட்டையில் எவ்வளவு இடம் என்று உனக்குத் தெரியுமா? பத்து வரி. அதற்குள் ஆள், இடம், திருப்பம் எல்லாம் வர வேண்டும். தேநீர் படத்துக்கு முன்னால் இருந்தால் கேட்பவர்கள் பாவம் என்பார்கள், சிரிக்க மாட்டார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் நகர்த்தினால் சிரிப்பார்கள். மூன்றடி நகர்த்தினேன், அவ்வளவுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போர்க்காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டவன், வானொலி கேட்டே கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் அட்டையைப் படிக்கும்போது கவாசே எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று கவனித்துக் கவனித்து எழுதக் கற்றேன். படித்தவர்கள் நூறு பக்கத்தில் செய்ய முடியாததை நான் பத்து வரியில் செய்தேன். உன்னை மக்கள் நேசிக்கிறார்கள். அதைப் போய் அவமானம் என்கிறாய்.

நவம்பர் 23 விடுமுறை நாள். மட்சுயாமா கடைத்தெருவில் மேடை போட்டு நிகழ்ச்சியை நேரே ஒலிபரப்புகிறார்கள். இந்த வருடத்தின் சிறந்த அட்டை என்று என்னை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். நீயும் வா. கூட்டத்தில் நின்று பார், உன்னைக் கேலி செய்கிறார்களா, கொண்டாடுகிறார்களா என்று.

அண்ணன்
டோமெகிச்சி


உவாஜிமா
நவம்பர் 24

மசுயோவுக்கு,

நீ பதிலும் போடவில்லை, நேற்று வரவுமில்லை. வராதது நல்லது.

நடந்ததை எழுதுகிறேன். முகம் மழித்து, கல்யாணத்துக்கு வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு காலை ரயிலில் போனேன். கடைத்தெருக் கூரைக்குக் கீழே முந்நூறு பேர் இருக்கும். முன் வரிசையில் பெண்கள், எல்லாம் உன் வயதுக்காரர்கள், உதட்டுச் சாயத்தை வேண்டுமென்றே கன்னம் வரை இழுத்துப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதற்கு முன்னால் ஒரு கோப்பை.

கோப்பையை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தேன். அது ஷூசாகு குடித்த கோப்பை மாதிரியே நீலக் கோடு போட்டது. எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். ஆனாலும்.

கவாசே என்னை அறிமுகம் செய்தார். “அத்தையோட அண்ணன் வந்திருக்காரு! எல்லாரும் அத்தைக்கு ஒரு வணக்கம் போடுவோமா?”என்றார். முந்நூறு பேரும் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்து ஒரே நேரத்தில் குனிந்தார்கள். சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். நானும் குனிந்தேன், மசுயோ. நிமிர்ந்தபோது என் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. நிலையத்தின் பெயர் போட்ட பரிசு.

இறங்கி வந்தபோது ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்தார். ஓசுவிலிருந்து வருகிறாராம். எழுபது இருக்கும், சாயம் எதுவும் பூசியிருக்கவில்லை.

“தங்கச்சி நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்கா”என்றேன்.

“நானும் செய்வேங்க, அவருக்கு வணக்கம். இப்ப இல்ல. செய்தி வந்தா மருமக ‘அத்தே, சாயம் பூசியாச்சா’ங்குறா. வெளையாட்டாத்தான் கேக்குறா, நல்ல பொண்ணு. அந்த நேரம் பாத்து நான் குளிக்கப் போயிடுறேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பதிலுக்கு வணங்க மறந்துவிட்டேன்.

ரயிலில் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று இருந்தது. மூன்றடி நகர்த்தினேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. அந்த வரியைக் கிழித்துப் போடு.

டோமெகிச்சி


இமாபரி
நவம்பர் 30

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓசு அம்மாளின் முகவரி தெரிந்தால் அனுப்புங்கள். தொலைக்காட்சி மேல் ஒரு துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஒன்றரை மாதம் ஆகிறது. 19 பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

மசுயோ


உவாஜிமா
டிசம்பர் 6

மசுயோவுக்கு,

அந்த அம்மாளின் முகவரி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் என் தப்பில் சேர்த்துக்கொள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இருந்ததால்தான் உன்னுடையதை அவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அண்ணி ஹட்சு இறந்து பதினோரு வருடம். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையைப் பதினொன்றரைக்கு மூடுகிறேன். மழித்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வானொலிக்கு எதிரே முழங்கால் மடித்து உட்காருகிறேன். கவாசே “துருப்பிடித்த மணி அண்ணே”என்று கூப்பிட்டால் வாய்விட்டு “இருக்கேன்”என்று பதில் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். கூப்பிடாத வாரம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு ஆறிய சோறு சாப்பிடுகிறேன். வாரத்தில் என் பெயரை யாராவது சொல்வது அங்கே மட்டும்தான். அதுவும் என் பெயர் இல்லை.

நீ சாயம் பூசியதை எழுதும்போது என் கழுத்தில் பொத்தான் இறுகிக்கொண்டுதான் இருந்தது. அட்டை முழுக்க உன்னை மட்டும் வைத்தேன்.

நேற்று கவாசேயைப் போனில் பிடித்தேன். அத்தை பேச்சை நிறுத்து என்றேன். “அண்ணே, ஜனங்க அதுக்குத்தானே ரேடியோவத் திருப்புறாங்க”என்றார். “அப்ப திருப்ப வேணாம்”என்றேன். கெஞ்சினார், சிரித்து மழுப்பினார், பிறகு ஏதாவது பதிலுக்குக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். புது அட்டை எழுதி நேற்றே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மேலே எழுதியதுதான், பத்து வரியில். எதையும் நகர்த்தவில்லை. அடியில் துருப்பிடித்த மணி இல்லை. ஹிரோகாவா டோமெகிச்சி, உவாஜிமா, சைக்கிள் பழுது பார்ப்பவன், வயது அறுபத்தேழு.

இனி நடக்க வேண்டியவை:

கவாசே, 11-ம் தேதி சனிக்கிழமை நிகழ்ச்சியில் என் பெயரையும் ஊரையும் சொல்லி அந்த அட்டையைப் படிக்க வேண்டும். படித்த கையோடு, அந்தத் தேநீர் இறந்துபோன கணவருக்கு வைத்தது, தொலைக்காட்சிக்கு அல்ல, அண்ணன் பொய் எழுதினான் என்று சொல்ல வேண்டும். அன்றோடு ‘சாயம் பூசியாச்சா’ இல்லை. ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான், ஃபிளாஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்று. இந்த ஊரில் யார் என் கடைக்கு வந்து ‘அண்ணே, பொத்தான் போட்டாச்சா’ என்று கேட்டாலும் போட்டாச்சு என்று பதில் சொல்லி அவர்கள் சைக்கிளைப் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். 19-ம் தேதி நீ கூப்பிடாமல் வரமாட்டேன். பதினோரு மணிக்குத் துறவி அங்கே ஓதத் தொடங்கும்போது இங்கே ஷூசாகுவுக்கு ஊதுபத்தி ஏற்றுவேன்.

நகாயி அம்மா, சனிக்கிழமை ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்க வேண்டும். அவரிடம் நீ சொல்ல வேண்டாம், வழக்கப்படியே வைப்பார்.

நீ, சோற்றின் நடுவில் பிளம் காயை வை. அட்டையைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் எல்லாரோடும் சேர்ந்து சிரி, வாயை மூடிக்கொள்ளாமல். வராவிட்டால் வேண்டாம். ஷூசாகுவின் தேநீரை அது இருக்கும் இடத்திலேயே வை. தொலைக்காட்சி மேல் போட்ட துணியை எடுக்க வேண்டியவளும் நீதான். எந்த நாளில் என்று நான் எழுதவில்லை.

அண்ணன்
டோமெகிச்சி