திரும்பி வராத கட்டுத்துணி

மார்ச் 4, செவ்வாய்

காலைத் திருப்பலி. பங்குச் சாமியாரின் பிரசங்கம் இருபத்தேழு நிமிடம். விஷயம் ஐந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது.

சாயங்காலம் நாரே வந்தாள். செவ்வாய்தோறும் தொடுகறி கொண்டுவருவது என் மருமகளின் வழக்கம். ஐந்து டப்பா. நெத்திலியில் தேன் அதிகம். சொன்னேன். "அடுத்த வாரம் குறைச்சுடறேன் அத்தை" என்றாள். போன வாரமும் இதைத்தான் சொன்னாள்.

தோளில் புதுப் பை. இப்போது எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, பழைய துணி மாதிரி அச்சடித்தது, அந்த வகை. மருந்துக்கடைப் பெண்ணுக்கும் இதே மோகம்; சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பழங்காலக் குதிரைமயிர்த் தொப்பி தொங்குகிறது. என் தாத்தா கை கழுவிவிட்டுத்தான் அந்தத் தொப்பியைத் தொடுவார்.

"எங்கே வாங்கினாய்?"

"இக்சோன் சந்துல அத்தை. ஒன்றரை மணி நேரம் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு இதுக்குன்னே பூசான்லேர்ந்து ரயிலேறி வந்தாளாம்."

"பாலியெஸ்டருக்கா?"

"டிசைனுக்கு!"

கையில் வாங்கிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். நாற்பத்தொரு துண்டுகள். மூன்றாம் வரிசையில் பச்சைச் சதுரம் வரவேண்டிய இடத்தில் மஞ்சள் முக்கோணம், இடப்பக்கம் சாய்ந்து.

அது என் தப்பு. கல்யாணத்துக்கு முன், என் கல்யாண உடைகளின் வெட்டுத்துண்டுகளை இணைத்து நானே தைத்த, பாத்திரம் பொதிந்து கட்டும் கட்டுத்துணியின் அச்சு இது. அந்த ஓரிடத்தில் மட்டும் துணி போதவில்லை. மூன்று முறை பிரித்துத் தைத்தும் நேராகவில்லை. தையல் வகுப்பில் சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால் விரல் கணுவில் அளவுகோலால் தட்டியிருப்பார்.

நாரேயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து பெரிய பெட்டியைத் திறந்தேன். என் கணவருடைய மேல்கோட்டு இருக்கிறது. ஆறு வருடமாகியும் புகையிலை வாசனை போகவில்லை. துணி மட்டும் இல்லை. அவர் போன சமயத்தில் அடியில் பார்த்தேன், சத்தியம் செய்வேன்.

ஜனவரியில் என் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தபோது பெட்டியைக் காற்றாடப் போட்டது யார்? நாரே. "இதெல்லாம் இப்ப எல்லாரும் தேடுற சாமான் அத்தை" என்று சொன்னவள் யார்?

தானே திருடிய துணியின் படத்தையே தோளில் மாட்டிக்கொண்டு ஒருத்தி என் முன்னால் வருவாளா? வரலாம். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தால் வரலாம்.

மார்ச் 6, வியாழன்

வாசல் கதவுப் பூட்டைத் திறக்கும் எண்ணை மாற்றினேன். கையேட்டைப் பார்த்து நானே செய்தேன். நாரேயிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டா?

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து முறை தப்பாக அழுத்தினால் அந்தப் பூட்டு அலறும் என்று கையேட்டில் இருந்தது. இவ்வளவு சத்தமாக அலறும் என்று இல்லை.

நான் உள்ளேதான் இருந்தேன்.

"அத்தை! உள்ள இருக்கீங்களா? விழுந்துட்டீங்களா?" கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு ஆள் வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்பது காதில் விழுந்தது. வேறு வழியில்லாமல் கதவருகே போனேன். சங்கிலியை எடுக்கவில்லை.

"நன்றாகத்தான் இருக்கிறேன். எண் மாறிவிட்டது."

"எப்ப மாத்துனீங்க?"

"போன வாரம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பெட்டியின் அடியில் இருந்த என் துணி எங்கே?"

"எந்தத் துணி?"

"உன் தோளில் தொங்குகிறதே, அது."

எதிர்வீட்டு ஆள் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஓ. என்னைத் திருடிங்கிறீங்க."

"அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை."

"ஆமா அத்தை, வார்த்தையைச் சொல்லல. பூட்டை மாத்துனீங்க, அவ்வளவுதான்."

டப்பாக்களை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மின்தூக்கி வருகிறவரைக்கும் அழுதாளோ என்னவோ. தெரியாது. கேட்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நெத்திலியில் தேன் குறைத்திருக்கிறாள். சரியான அளவு.

மார்ச் 15, சனி

மகன் பேசினான். "அம்மா, பதினாறு வருஷத்துல அவ உங்க வீட்டுலேர்ந்து ஒரு குண்டூசி எடுத்திருக்காளா?" எடுத்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? குண்டூசி எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. அதையே சொன்னேன். இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் நாரே வரமாட்டாள் என்றான். போனை முதலில் வைத்தது அவன்.

மார்ச் 18, செவ்வாய்

யாரும் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று மோனிக்காவை அழைத்துக்கொண்டு இக்சோன் சந்துக்குப் போனேன். பள்ளியில் என் பக்கத்து இருக்கை, இன்றும் பக்கத்துத் தெரு. "ஆகத்தா, உனக்கு வயசு எழுபத்தொன்பது, உன் சந்தேகத்துக்கு மட்டும் பதினாறு" என்று வழியெல்லாம் கேலி. வரிசையில் நாங்கள் இருவர்தான் நரைத்த தலை. முன்னால் நின்ற பெண்கள் வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடையில் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட மார்முடிச்சைச் சரியாகப் போடவில்லை.

உள்ளே புலியும் மேக்பைப் பறவையும் போட்ட காந்தத் தட்டுகள், பச்சைப் பீங்கான் நிறத்தில் இயர்போன் பெட்டிகள், சுவர் முழுக்க என் துணி. பை, போன் உறை, குடை.

கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் தாரின்.

"மூன்றாம் வரிசையில் ஒரு தப்பு இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டேன்.

"அந்தக் கோணலா அம்மா? ஆறு டிசைன் போட்டோம். இது ஒண்ணுதான் இப்படி ஓடுது. அந்தக் கோணலைப் பார்த்தாதான் வாங்குறாங்க."

என் ஒரே தப்பு ஆயிரம் பேர் தோளில்.

"இந்தத் துணியை உனக்குக் கொடுத்தது யார்? நாரே என்கிற பெண்ணா?"

"இது எங்க அம்மாவோடதாச்சே?"

பின்னால் குனிந்து பைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் நிமிர்ந்தாள். என் குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்திருக்க வேண்டும். முகம் பிறகுதான் தெரிந்தது.

"வீட்டுக்காரம்மாவா?"

"யார்?"

"ஜோம்ரே. அஹ்யோன் மேட்டு வீட்டுல, வாசலறையில குடியிருந்தேனே. தையல் ஃபாக்டரிக்குப் போய்க்கிட்டிருந்தேன். இதோ இவதான் அங்க பொறந்தவ."

மோனிக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ பொறந்த மூணாம் நாள், பிள்ளை பெத்தவளுக்குன்னு கடற்பாசி சூப்பு அனுப்புனீங்களே, பானையோட, இந்தத் துணியில கட்டி. எனக்குன்னு சமைக்க யாருமில்ல அப்ப. துணியை விரிச்சுப் பார்த்துக்கிட்டே குடிச்சேன்."

"திருப்பித் தரவில்லையே நீ." இதைத்தான் கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"வெறும் பானையை எப்படிம்மா திருப்பித் தர்றது? உள்ள போட்டுத் தர அன்னிக்கு எங்கிட்ட ஒரு பிடி அரிசிகூட இல்ல. சம்பளம் வரட்டும், ஏதாச்சும் செஞ்சு வெச்சுத் தரலாம்னு இருந்தேன். அதுக்குள்ளதான் காலி பண்ணச் சொல்லிட்டீங்களே."

"ஏன் காலி பண்ணச் சொன்னா?" மோனிக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"வெண்கலக் கிண்ணம் ஒண்ணு காணாமப் போச்சு." ஜோம்ரே என்னையே பார்த்தாள். "கெடச்சுதா அது?"

"கிடைத்தது."

"எப்ப?"

"அந்த ஏப்ரலிலேயே."

"அதான பார்த்தேன்" என்று சொல்லி அடுத்த பையைச் சுற்ற ஆரம்பித்தாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது தாரின் உள்ளிருந்து துணியை எடுத்துவந்தாள். அசல் துணி. ஜோம்ரே அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு இல்ல. வெறுந்துணியா தரமாட்டேன். விலாசம் எழுதிக் குடுங்க."

மார்ச் 21, வெள்ளி

பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். 1983. என் கையெழுத்து அப்போது இன்னும் அழகாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 9: 'வாசலறைப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. தகப்பனைக் காணோம். சூப்பு அனுப்பினேன். மற்றத் துணிகள் ஈரம், கல்யாணத் துணியில் கட்டினேன்.'

பிப்ரவரி 20: 'பானையும் துணியும் வரவில்லை. எதிர்பார்த்ததுதான்.'

பிப்ரவரி 22: 'வெண்கலக் கிண்ணம் காணோம். காலி செய்யச் சொன்னேன்.'

ஏப்ரல் 6: 'கிண்ணம் சோயா ஜாடிக்குப் பின்னால். மழை.'

மழை என்று எழுதியிருக்கிறேன். அவளைத் தேடினேன் என்று எங்கும் எழுதவில்லை. தேடவில்லை.

பெட்டியின் அடியில் நான் பார்த்ததாகச் சத்தியம் செய்யவிருந்தது ஒரு நீலப் போர்வை உறை. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.

பிறந்து இருபத்தோரு நாள் ஆகும்வரை தாயையும் குழந்தையையும் வெளியே விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம்; அந்தக் குழந்தைக்கு அன்று பதினைந்து நாள். பிப்ரவரிக் குளிரில். ஏன் இதை இப்போது கணக்குப் பார்க்கிறேன்?

மார்ச் 24, திங்கள்

துணி வந்தது. தாரின் கொண்டுவந்தாள். உள்ளே என் பானை, பானை நிறையப் பச்சை நிறக் கொழுக்கட்டை, இந்த வசந்தத்தின் முதல் தழையைக் கிள்ளிப் போட்டுச் செய்தது. "அம்மா ஒண்ணும் சொல்லல. சூடா சாப்பிடச் சொன்னாங்க" என்றாள். நின்றபடியே நான்கு சாப்பிட்டேன்.

பிறகு அடுக்களையில் நாரேயின் டப்பாக்களைப் பார்த்தேன். ஐந்து. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக இப்படித்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சுத்தமாக, காலியாக.

மார்ச் 25, செவ்வாய்

விடிந்ததிலிருந்து அடுப்படியில். கீரை, கருப்பு பீன்ஸ், தாமரைக்கிழங்கு, முள்ளங்கி. ஐந்தாவதில் நெத்திலி. ஐந்தையும் அடுக்கிக் கட்டுத்துணியில் முடிந்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக் கதவு எண் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. மணி அடித்தேன். உள்ளே நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மூட்டை கனத்தது. கீழே வைக்கவில்லை.

திறந்தாள்.

"தப்பு என்னுடையது" என்றேன். வழியெல்லாம் மனதில் எழுதிவைத்திருந்தது இதைவிட நீளம்.

அவள் துணியைப் பார்த்தாள். மூன்றாம் வரிசையை விரலால் தொட்டாள். "நேர்ல இன்னும் கோணலா இருக்கு அத்தை" என்றாள். முடிச்சை அவிழ்த்து ஒரு நெத்திலியை வாயில் போட்டுக்கொண்டாள். "தேன் கம்மி."

உள்ளே வரச் சொல்லவில்லை. ஒரு தாளில் புது எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். துணியைத் திருப்பிக் கேட்காமல் வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாயங்காலம் வெளியே எண் அழுத்தும் சத்தம், ஆறு இலக்கமும் தப்பாமல். கதவு திறந்தது.

நெத்திலியில் தேன் அதிகம். சொல்லவில்லை.