பிராந்தியில் ஊறிய முந்திரிகை வற்றல்

வெள்ளிக்கிழமை இரவு.

மகளைக் கட்டப்போகும் பையனின் வெள்ளவத்தை வீட்டுக்கு இன்று முதன்முதலாகப் போனோம். வெள்ளிக்கிழமை அவர்கள் சைவம் என்று, முட்டைக்குப் பதில் வாழைப்பழம் மசித்துப் போட்டு, உலர்ந்த திராட்சையான முந்திரிகை வற்றலும் சேர்த்து நானே மஃபின் சுட்டேன். எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பையனின் தாய் ஒன்றைப் பிய்த்து முகர்ந்தார். "முட்டை போடேல்லைத்தானே அண்ணை?"

"சத்தியமா இல்லை."

"அப்ப இதென்ன மணம்?"

முந்திரிகை வற்றலை கிறிஸ்தவர்கள் நாங்கள் கிறிஸ்மஸுக்குச் சுடும் நத்தார் கேக்குக்குப் போலப் பிராந்தியில் ஊறவைத்தது அப்போதுதான் உறைத்தது.

"வேதக்கார வீட்டில இதெல்லாம் வழமைதானே" என்று சிரித்தபடி தட்டைத் தள்ளிவைத்தார். அதன் பிறகு கல்யாண நாளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் மகள், "இனி நானும் மம்மியும் மட்டும் போறம், டடி" என்றாள்.

"ஓம் மகள்" என்றேன். திருப்பிக் கொண்டுவந்த மிச்சத்தை இப்போது தனியே தின்கிறேன். நல்ல ருசி. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.