மஞ்சள் பூசிய குழவிக்கல்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கீழே கடையும் மேலே வீடுமாக நெருக்கிக் கட்டப்போகிறார்கள். சனங்கள் நடந்தே வந்து பஸ் ஏற ஒரு பாதையும் உண்டு. அது என் புளியமரத்தின் ஓரமாக வருகிறது என்று அளக்க வந்த பெண் போன வாரமே வரைபடத்தைக் காட்டினாள்.

அந்தப் பாதை வந்தால் பின்வீட்டுக் குப்பம்மாளுக்குத்தான் லாபம். என் மகள் கல்யாணத்தன்று வழியில் முள் வெட்டிப் போட்டவள் அவள். அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

அதனால் உடைந்த குழவிக்கல் ஒன்றை நேற்று மரத்தடியில் நட்டு மஞ்சள் பூசினேன். இன்று அந்தப் பெண்ணிடம், "சாமி கனவுல வந்து இங்கதான் இருக்கேன்னு சொல்லிச்சும்மா. அதும்மேல பாதை போட்டா வெளங்குமா?" என்றேன். அவள் வரைபடத்தில் பாதைக் கோட்டை அழித்து, மரத்தை விட்டுச் சுற்றிப் போகிற மாதிரி வரைந்தாள்.

குப்பம்மாள் கோலூன்றி வந்தாள். சண்டைக்குத்தான் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டாள்.

"உன் கனவுல வந்துச்சாக்கா? குடுத்து வெச்சவ நீ. எனக்கின்னா, சுத்தியே போய்க்கறேன்."

முட்டி வலியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

காலையில் அந்தப் பெண் போளூர் பஸ் ஏறிவிட்டால் புதுக் கோடுதான் நிலைக்கும். இருட்டுவதற்குள் கல்லைப் பிடுங்கிவிட்டு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். குப்பம்மாள் வைத்த சாமந்திப்பூ அதன்மேல் இருந்தது. கை வரவில்லை.